மரத்தின் மேல் பூக்கும் மணம்



பெங்களூரில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விடியற்காலையில் உலாவப் போகிறவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. தெருவிளக்கு இன்னும் அணைந்திராது. தரையெல்லாம் வெள்ளை வெளேரென்று பூக்கள் உதிர்ந்து கிடக்கும். காலை எங்கே வைப்பது என்று தயங்க நேரிடும். அண்ணாந்து பார்த்தால், ஒன்றும் அறியாதது போல நெடிய மரம் ஒன்று நிற்கும். அதுதான் மரமல்லி. கன்னடத்தில் அதற்கு ஆகாச மல்லிகை என்று பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர்! கொடியில் பூக்கும் மல்லிகையை நாம் கை நீட்டிப் பறிக்கிறோம். இதுவோ ஆகாயத்தில் பூத்துத் தானே நம் காலடிக்கு இறங்கி வருகிறது.

வாசனை என்றதும் நமக்கு மல்லிகை, முல்லை, ரோஜா ஆகியவைதாம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் முன்னோர் மரங்களையும் மறக்கவில்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 மலர்களில் சண்பகம் உண்டு, புன்னை உண்டு, வகுளம் என்ற மகிழம்பூ உண்டு, நரந்தம் என்ற நாரத்தம்பூவும் உண்டு. இன்னும் அழகான பெயர் ஒன்றும் அங்கே இருக்கிறது: நள்ளிருள்நாறி. நடு இரவில் மணப்பது என்று பொருள்.

ஏன் நடு இரவில் மணக்க வேண்டும்? பூ நமக்காக மணப்பதில்லை. மகரந்தத்தைச் சுமந்து செல்ல அதற்கு ஒரு தூதன் வேண்டும். பகலில் வரும் பறவைக்கும் தேனீக்கும் நிறத்தைக் காட்டி அழைக்கலாம். இருளில் பறக்கும் விட்டிலுக்கு நிறத்தைக் காட்டி என்ன பயன்? ஆகவேதான் இரவில் விரியும் பூக்கள் பெரும்பாலும் வெண்மையாகவும் மிகுந்த மணமுள்ளவையாகவும் இருக்கின்றன. மரமல்லியின் நீண்ட குழலுக்குள் நாக்கை நுழைத்துத் தேன் குடிப்பது ஒருவகைப் பெரிய விட்டில். பொழுது புலர்வதற்குள் பூவின் வேலை முடிந்துவிடுகிறது. நாம் காலையில் நுகர்வது, உண்மையில், நேற்றைய இரவின் மிச்சம்.

பெங்களூர் மரங்களின் ஊர் என்று பெயர் பெற்றதற்குக் காரணமானவர்களில் க்ரும்பீகல் என்ற ஜெர்மானியத் தோட்டக்கலை அறிஞர் முக்கியமானவர். இவர் 1908-ஆம் ஆண்டில் லால்பாக் தோட்டத்துக்குப் பொறுப்பேற்க வந்தவர்; 1956-இல் இவ்வூரிலேயே காலமானார். ஒரு மரம் பூத்து ஓயும்போது மற்றொன்று பூக்கத் தொடங்க வேண்டும், ஆண்டு முழுவதும் ஊரில் எங்கேனும் பூ இருக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். கண்ணுக்கு விருந்தான மரங்கள் அவ்வாறு வந்தன. மூக்குக்கு விருந்தான மரங்களோ நம் நாட்டில் முன்பே இருந்தன. மல்லேஸ்வரத்தில் சம்பிகே சாலை இன்றும் இருக்கிறது. சம்பிகே என்பது நம் சண்பகம். அதே பேட்டையில் வேம்பின் பெயர் தாங்கிய மார்கோசா சாலையும் உண்டு. சித்திரை மாதத்தில் வேம்பும் புங்கும் பூக்கும்போது பக்கத்தில் நடந்து பாருங்கள். அந்த மணத்தின் இனிமையில் கசப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று வியப்பீர்கள்.

சரி, காற்றோடு போகும் இந்த மணத்தைப் பிடித்துப் புட்டியில் அடைப்பது எப்படி? உத்தரப் பிரதேசத்தில் கன்னோசி என்ற ஊரில் வழிவழியாக இதைச் செய்து வருகிறார்கள். பெரிய தாமிர அண்டாவில் பூவையும் நீரையும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, அடியில் விறகுத் தீ மூட்டுகிறார்கள். ஆவி ஒரு மூங்கிற் குழாய் வழியாகச் சென்று, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் மற்றொரு தாமிரக் கலத்தில் குளிர்கிறது. அந்தக் கலத்தில் முன்கூட்டியே சந்தன எண்ணெய் வைத்திருப்பார்கள். பூவின் மணம் அந்த எண்ணெயில் குடியேறிவிடுகிறது. மறுநாள் புதுப் பூ. மறுபடியும் அதே எண்ணெய். இப்படிப் பல நாட்கள் ஊட்ட ஊட்ட, அத்தர் முதிர்கிறது. சண்பக அத்தரும், வடக்கே மௌல்சரி என்று சொல்லும் மகிழம்பூ அத்தரும், கடம்ப அத்தரும் இவ்வாறு பிறப்பவையே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பூவின் மணம் ஓடுகாலி; சந்தனத்தின் மணம் பொறுமைசாலி. ஓடுவதைப் பிடித்து நிறுத்த, நிலைத்து நிற்பது ஒன்று தேவைப்படுகிறது. ஆகவே, ஒரு துளி சண்பக அத்தர் உண்டாக இரண்டு மரங்கள் வேண்டும். ஒன்று பூவைத் தருகிறது, மற்றொன்று தன் வயிரத்தையே தருகிறது.

அந்தச் சந்தனத்தின் கதையில் பெங்களூருக்குப் பெரும் பங்குண்டு. மைசூர் நாட்டுச் சந்தனக் கட்டை முன்னெல்லாம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, அங்கேதான் எண்ணெயாயிற்று. 1914-இல் முதல் உலகப்போர் மூண்டதும் ஏற்றுமதி நின்றுபோய்க் கட்டைகள் தேங்கின. அப்போது மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில் திவானாக இருந்தவர் விசுவேசுவரய்யா. இங்குள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர்கள் சட்பரோவும் வாட்ஸனும் எண்ணெய் வடிக்கும் முறையை ஆராய்ந்தார்கள். 1916-இல் பெங்களூரில் அரசாங்கத்தின் சந்தன எண்ணெய்த் தொழில் தொடங்கியது. 1918-இல் அந்த எண்ணெயைக் கொண்டு மைசூர் சாண்டல் சோப்பும் பிறந்தது. நெருக்கடி ஒரு தொழிலைப் பெற்றுத் தந்தது.

மேல்நாட்டாரும் மரப் பூக்களை விடவில்லை. கசப்பு நாரத்தை இனத்துப் பூவிலிருந்து அவர்கள் வடிக்கும் தைலத்துக்கு நெரோலி என்று பெயர்; சுமார் 1,000 கிலோ பூவுக்கு 1 கிலோ தைலம் கிடைத்தால் பெரிது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியத் தீவுகளுக்கு உரிய இலாங்-இலாங் என்ற மரத்தின் பூ, இன்று கொமோரோஸிலும் மடகாஸ்கரிலும் வடிக்கப்படுகிறது. 1921-இல் வெளிவந்த ஷனேல் எண் 5 என்ற உலகப் புகழ் பெற்ற வாசனைத் திரவியத்தில் அதற்கு இடமுண்டு. நம் வீட்டுக் கொல்லையில் படரும் மனோரஞ்சிதம் அந்த மரத்துக்குப் பங்காளிதான். இரண்டும் சீத்தாப்பழத்தின் குடும்பம்.

என் அலுவலகத்தில் நடந்த ஒரு சிறு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் மொழிபெயர்ப்பாளன். ஒரு முறை மணப்பொருள்களைப் பற்றிய ஆங்கிலக் குறிப்பு ஒன்று என்னிடம் வந்தது. பழந்தமிழில் நறுமணத்துக்கு நாற்றம் என்பதே சொல் அல்லவா? அந்த ஆசையில், ‘சண்பகத்தின் நாற்றம்’ என்று எழுதிவிட்டேன். மேலதிகாரி சிவப்பு மையால் அடித்து, “பூ அழுகிவிட்டதா?” என்று பக்கத்தில் எழுதியனுப்பினார். நானும் ‘நறுமணம்’ என்று திருத்திக்கொடுத்தேன்.

ஆனால் பின்னர் அந்தக் குறிப்பைத் தொடர்ந்து படித்தபோது சிரிப்பு வந்தது. சண்பக மணத்தில் பல பொருள்கள் கலந்திருக்கின்றன. அவற்றுள் இண்டோல் என்பதும் ஒன்று. அது மிகுந்தால் மலத்தின் நாற்றம். இம்மியளவு இருந்தால் அதுவே மலருக்கு ஆழத்தையும் மயக்கத்தையும் தருகிறது. அதை நீக்கிவிட்டால் மணம் சப்பென்று போய்விடுமாம். ஒரே சொல் இரு பொருளும் தருவது மொழியின் குறை என்று எண்ணியிருந்தேன். இயற்கையே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது!

இன்று ஆய்வுக்கூடத்தில் இண்டோலும் கிடைக்கிறது, மற்றவையும் கிடைக்கின்றன. செயற்கை மணம் மலிவு, ஏழையும் பூசிக்கொள்ளலாம். அதில் தவறில்லை. ஆனால் சந்தனம் அரிதாகி விலை ஏறியதால், அத்தர் வடிப்பவர்களில் பலர் அதன் இடத்தில் மலிவான பாரஃபின் எண்ணெயை வைக்கத் தொடங்கிவிட்டார்கள். கர்நாடகத்தில் 2001-இல் சட்டத்தைத் திருத்தும்வரையில், நம் நிலத்தில் முளைத்த சந்தன மரமும் நமக்கு உரியதன்று. உரிமையில்லாததை யார் வளர்ப்பார்கள்? திருடர்கள் வெட்டினார்கள், மற்றவர்கள் முளையிலேயே கிள்ளினார்கள். பூ இருந்தும் அதைத் தாங்கும் மரம் அருகிவிட்டது.

பூ மரங்களின் நிலை மட்டும் என்ன? நான் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு சம்பிகே மரம் இருந்தது. ஒரு நாள் அதன் அடிமரத்தில் அறிவிப்பு ஒன்றை ஒட்டியிருந்தார்கள். சாலையை அகலமாக்க மரத்தை வெட்டப் போவதாகவும், ஆட்சேபம் உள்ளவர்கள் குறித்த நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்றும் அதில் கண்டிருந்தது. அறிவிப்புகளை மொழிபெயர்ப்பதே என் பிழைப்பு. நின்று முழுவதும் படித்தேன். வாசகத்தில் இருந்த ஒரு பிழையைக்கூட மனத்துக்குள் திருத்தினேன். பிறகு பேருந்துக்கு நேரமாயிற்று என்று போய்விட்டேன். எழுதத் தெரிந்த நான் ஒரு வரி எழுதவில்லை. மரம் போயிற்று. எழுதியிருந்தாலும் போயிருக்கலாம். ஆனால் 2016-இல் இவ்வூரில் எஃகு மேம்பாலம் ஒன்றுக்காக 800-க்கும் மேற்பட்ட மரங்களை வெட்ட இருந்தபோது, மக்கள் தெருவில் வந்து நின்றார்கள். 2017-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. சொன்னால் கேட்பார்கள் என்பதற்கு அது சாட்சி. சொல்லாமலிருந்ததற்கு நான் சாட்சி.

என் தாயார் மகிழம்பூவைப் பொறுக்கிவந்து, அதன் நடுவே இயற்கை வைத்த துளையில் நூலைக் கோத்து, துணிப்பெட்டியில் போட்டு வைப்பார். வாடி, பழுப்பேறி, சருகானபின்பும் மகிழம்பூ மணக்கும். அதற்கு அண்டாவும் வேண்டாம், அத்தரும் வேண்டாம். மரம் இருந்தால் போதும்.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு மகிழங்கன்று நட்டிருக்கிறோம். மெல்ல வளரும் மரம் அது. அதன் பூவை நான் பொறுக்குவேனா என்று தெரியாது. ஆனால், அதன்மேல் என்றேனும் ஓர் அறிவிப்பை ஒட்டினால், ஆட்சேபம் எழுத ஓர் ஆள் இருக்கிறான். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு மரமும், அப்படி ஓர் ஆளும் இருக்கட்டும்.