கரும்புக்காட்டுக் கற்குவியல்கள்



மொரீசியஸ் தீவைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் யாரும் கடலில்தான் தொடங்குவார்கள். அப்படித் தொடங்கத் தகுந்த கடல்தான் அது. பவளப்பாறைகள் தீவை வளைத்து நிற்பதால் இந்துமாக்கடலின் பேரலை தொலைவிலேயே உடைந்துவிடுகிறது. பாறைக்கும் கரைக்கும் நடுவே நீர் இடுப்பளவு ஆழத்தில், அடிமணல் தெரியும்படி அசையாமல் கிடக்கிறது. தெற்கே சூயாக் ஊரை ஒட்டிய கிரி-கிரி என்ற இடத்திலோ அந்த வளையம் அறுபட்டிருக்கிறது. அங்கே அலை நேராக வந்து கரும்பாறையில் அறைகிறது. பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது.

ஆனாலும் இந்த நாட்டை அறிய விரும்புகிறவர்களை நான் முதலில் கடற்கரைக்கு அனுப்ப மாட்டேன். உள்நாட்டுச் சாலை ஒன்றில், கரும்புத் தோட்டத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தி இறங்கச் சொல்வேன்.

பயிருக்கு நடுவே கருங்கற்கள் ஆள் உயரத்துக்கும் மேலே குவிந்திருக்கும். சில இடங்களில் நீண்ட மதிலாக ஓடும். சில இடங்களில் படிப்படியாக அடுக்கப்பட்டு உச்சியில் குறுகும். ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். உடம்பெல்லாம் பொத்தல். எரிமலைக் குழம்பு ஆறி இறுகியபோது உள்ளே இருந்த வாயு விட்டுப்போன துளைகள் அவை. மடகாஸ்கருக்குக் கிழக்கே 800 கிலோமீட்டருக்கும் அப்பால், ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியிலிருந்து கிளம்பிய நெருப்பு கட்டிய தீவு இது. மண்ணைத் தோண்டினால் கல். கல்லைப் பொறுக்கினால்தான் கரும்பு. அந்தக் கற்களை வெறுங்கையால் பொறுக்கி, சுமந்து, அடுக்கியவர்களின் கதைதான் மொரீசியஸின் கதை என்று நான் நினைக்கிறேன்.

இங்கே பூர்வகுடி என்று எவருமே கிடையாது. அரபு மாலுமிகளும் போர்த்துக்கீசியரும் தீவை அறிந்திருந்தார்கள், தங்கவில்லை. 1598-இல் வந்த டச்சுக்காரர்கள் தங்கள் இளவரசர் மாரிஸின் பெயரை வைத்தார்கள். 1638-இல் குடியேறி, கருங்காலி மரங்களை வெட்டி ஏற்றுமதி செய்து, ஜாவாவிலிருந்து கரும்பைக் கொண்டுவந்து நட்டார்கள். பறக்கத் தெரியாத டோடோ பறவை அவர்கள் காலத்தில்தான் அழிந்தது. வேட்டையாடும் விலங்கு இல்லாத காட்டில் தரையில் முட்டையிட்டுப் பழகிய பறவை அது. கப்பலில் வந்த எலியும் பன்றியும் குரங்கும் அதன் கூடுகளைச் சூறையாடின. 1710-இல் டச்சுக்காரர் தீவைக் கைவிட்டுப் போனார்கள். டோடோ அவர்களுக்கும் முன்பே போய்விட்டது.

1715-இல் தீவு பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1735-இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே, போர்ட் லூயியைத் துறைமுக நகரமாக்க முனைந்தபோது புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் கைவினைஞர்களையும் வரவழைத்தார். தீவில் தமிழர் தடம் பிரெஞ்சுக்காரர் காலத்தில் தொடங்குகிறது. வயல்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகள். தப்பியோடிய அடிமைகள் தென்மேற்கு முனையில் 556 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் லெ மோர்ன் மலையில் ஒளிந்து வாழ்ந்தார்கள். அடிமை முறை ஒழிந்தது என்று சொல்லவந்த காவலர்களை, பிடிக்க வருவதாக எண்ணி அவர்கள் மலையுச்சியிலிருந்து குதித்தார்கள் என்று வாய்வழிக் கதை ஒன்று உண்டு. அந்த மலையை அண்ணாந்து பார்க்கும்போது அதை வெறும் கதை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

1810-இல் தீவைப் பிடித்த ஆங்கிலேயர் 1835-இல் அடிமை முறையை ஒழித்தார்கள். நட்டஈடு கிடைத்தது தோட்ட முதலாளிகளுக்கு. விடுதலை பெற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கொண்டுவரும் ஏற்பாடு 1834-லேயே தொடங்கிவிட்டது. கல்கத்தா, சென்னை, பம்பாய் துறைமுகங்களிலிருந்து சுமார் நாலரை லட்சம் பேர் வந்திறங்கினார்கள். போர்ட் லூயி துறைமுகத்தில் அவர்கள் இறங்கிய இடம் இன்று ஆப்ரவாசி காட் என்ற பெயரில் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அங்கும் அதே கருங்கல்தான். கடலிலிருந்து மேலேறும் சில படிகள், மருத்துவமனைக் கட்டடத்தின் மிச்சம், கூலிகளைத் தங்கவைத்த கொட்டடியின் அடித்தளம். பெரிய இடமில்லை; அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். லட்சக்கணக்கானோர் மிதித்த படியில் கால் வைக்கத் தயக்கமாக இருந்தது.

தட்பவெப்பம் பற்றிக் கேட்பீர்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே பருவங்கள் நமக்கு நேர்மாறு. நாம் மார்கழிக் குளிரில் போர்த்திக்கொள்ளும்போது அங்கே கோடை. நமக்கு ஆடிக் காற்று வீசும்போது அங்கே குளிர்காலம். தென்கிழக்கிலிருந்து வரும் காற்று சுமந்துவரும் ஈரத்தை நடுமேட்டு நிலம் வாங்கிக்கொள்கிறது. அதனால் மேட்டிலுள்ள க்யூர்பிப் நகரில் குடை பிடித்து நடப்பவர், சற்று நேரப் பயணத்தில் மேற்குக் கரையில் சுள்ளென்ற வெயிலில் நிற்பார்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பயம். 1960 பிப்ரவரியில் கரோல் என்ற புயல் மரவீடுகளையும் ஓலைவீடுகளையும் வாரிக்கொண்டு போனது. அதன் பிறகுதான் கான்கிரீட் வீடுகள் பெருகின. இன்று தட்டையான மொட்டைமாடிகளில், நாளைக்குப் பிள்ளைகள் மேல்தளம் எழுப்பிக்கொள்ளட்டும் என்று கம்பிகளை நீட்டி விட்டிருப்பதை ஊருக்கு ஊர் பார்க்கலாம்.

இயற்கைக்கு இழைத்த தீங்கு டோடோவோடு நிற்கவில்லை. நல்ல நிலையிலுள்ள பழைய காடு இப்போது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. அந்தக் காட்டில் வாழும் மொரீசியஸ் வல்லூறு 1974-இல் நான்கே நான்குதான் மிஞ்சியிருந்தது. முட்டைகளை எடுத்துக் கையால் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விட்டு, கூடுபெட்டிகள் அமைத்து, அந்த இனத்தை நூற்றுக்கணக்கில் பெருக்கினார்கள். 2020-இல் வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் பவளப்பாறையில் மோதி எண்ணெய் கசிந்தபோது, ஊர்மக்கள் கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் திணித்து மிதவைகளாகத் தைத்துக் கடலில் இறக்கினார்கள். தலைமுடியைக் கத்தரித்துக் கொடுத்தவர்களும் உண்டு.

இனி மக்களின் பண்பாட்டுக்கு வருவோம். சேகா என்ற ஆட்டமும் பாட்டும் அடிமைகள் விட்டுச் சென்ற சொத்து. ராவான் என்னும் அகன்ற தோல்மேளத்தை வாசிக்குமுன் தீயில் காட்டி முறுக்கேற்றுவார்கள். மொழிக்கு வந்தால், தமிழர்களும் வீட்டில் பேசுவது கிரியோல் மொழிதான். ஆனால் தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. காவடி எடுத்துக் கோயிலுக்கு வருபவர்களில் பிற இனத்தவரும் இருப்பார்கள். வாழையிலையில் ஏழு கறியோடு அன்று சாப்பாடு. நூறு ரூபாய் நோட்டில் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ்த் தலைவரின் படம் இருக்கிறது. எல்லா நோட்டிலும் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998-இல் வந்த புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது தமிழர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட்டார்கள். பேச்சில் நழுவிய மொழிக்காக அவ்வளவு உறுதியாக நின்ற அந்த மக்களை எண்ணி எனக்குப் பெருமை.

ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். மோக்கா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகள் பாதுகாக்கப்படுகின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், வந்த கப்பல் எல்லாம் அவற்றில் உண்டு. 1860-களுக்குப் பின் வந்த பலருக்குப் புகைப்படமும் உண்டு. உங்கள் குடும்பத்தில் யாரேனும் மொரீசியஸுக்குக் கப்பலேறிப் போனதாகப் பெரியவர்கள் சொல்லியிருந்தால் விசாரித்துப் பாருங்கள். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார்கள். அதனால் ஊர்ப் பெயரும் தகப்பன் பெயரும் கையில் இருந்தால் தேடுவது எளிது.