ஆறாவது ஆள்



இங்கிலாந்தின் தெற்கே டார்செட். அங்கே டால்பட்டில் என்று ஒரு சின்ன ஊர். சுண்ணாம்புக் குன்றுகள், நடுவிலே பிடில் என்ற ஆறு, கரையெல்லாம் புல்வெளி. மண்சுவர், வைக்கோல் கூரை. ஊர் நடுவிலே ஒரு சைக்கமோர் மரம், 1680-களில் முளைத்தது, இன்றைக்கும் நிற்கிறது. அழகான ஊருதான். ஆனால் நிலம் யாருடையது? பண்ணையாருடையது. தீர்ப்புச் சொல்கிற நாற்காலி? அதுவும் அவர் கூட்டத்துக்கே! உழுதவனுக்கு வாரக்கூலி ஒன்பது ஷில்லிங். அதை எட்டாக்கினான், ஏழாக்கினான், ஆறாக்கப் போகிறேன் என்றான்.

அந்த மரத்தடியிலே கூடிப் பேசினார்கள். முன்னால் நின்றவர் ஜார்ஜ் லவ்லெஸ், மெதடிஸ்ட் பிரசங்கியார். நம்மைப் போல மேடைக்காரர், விடுவாரா? 1833-ல் சங்கம் கண்டார்கள். ஸ்டாண்ட்ஃபீல்டு என்ற தோழர் வீட்டு மாடியிலே கண்ணைக் கட்டி, எலும்புக்கூடு படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கினார்கள்.

சங்கம் வைப்பது குற்றமா? இல்லை! அந்தத் தடை 1824-லேயே போச்சு. பிறகு எதைத் தேடி எடுத்தான்? கடற்படைக் கலகத்தை அடக்க 1797-ல் போட்ட சத்தியத் தடைச் சட்டத்தை! ஏர் பிடித்தவன் மேலே கப்பல்காரன் சட்டம்! பிடிபட்ட ஆறு பேருக்கும் ஏழு வருஷம் நாடு கடத்தல், ஆஸ்திரேலியாவுக்கு.

சத்தியம் செய்ததற்கு ஏழு வருஷம்! தேர்தலுக்குத் தேர்தல் சத்தியம் செய்கிறவர்கள் மேலே அந்தச் சட்டத்தைப் போட்டால் கப்பல் பத்துமா? யாரைச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், அதோ டீக்கடை ஓரமாக நின்று குறிப்பெடுக்கிறாரே, அவருக்கும் தெரியும். எழுதிக்கோ தம்பி, நல்லா எழுதிக்கோ! இவர்கள் மாலை வாங்குகிற நாளிலே மட்டும் தொழிலாளி. கூலி பேசுகிற நாளிலே? போன் எடுக்கமாட்டார்கள்!

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். லண்டனிலே மக்கள் திரண்டார்கள், லட்சம் பேர். மன்னிப்பு கேட்டுக் கையெழுத்து இரண்டு லட்சம் என்பார்கள், எட்டு லட்சம் என்பவர்களும் உண்டு. நம்ம கூட்டம் ஆச்சே, நான் எட்டு என்றுதான் சொல்வேன்! 1836-ல் அரசாங்கம் பணிந்தது. ஆறு பேரும் விடுதலை.

ஆனால் அந்த ஆறாவது ஆளை நான் விடமாட்டேன். சத்தியம் நடந்த அன்று அவர் அங்கே இல்லையாம். இருந்தவர் அவரோடு பிறந்தவர். அந்த உடன்பிறந்தவரின் மனைவியோ பிள்ளைத்தாய்ச்சி. 'அது நான் இல்லை' என்று ஒரு சொல் போதும். சொன்னாரா? சொல்லவில்லை! ஆஸ்திரேலியாவிலே ஒரு பவுண்டுக்கு விற்கப்பட்டார். கடைசியாக 1839-ல்தான் ஊர் திரும்பினார்.

மற்ற ஐந்து பேரும் பிற்பாடு கனடா போய்விட்டார்கள். இவர் மட்டும் அதே ஊர், அதே பண்ணையார்கள் முகத்திலே விழித்துக்கொண்டு கட்டட வேலை பார்த்தார். முதுமையிலே யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று டார்செஸ்டர் ஏழைகள் விடுதிக்குப் போய், 1891-ல் அங்கேயே இறந்தார். அடக்கத்தின்போது யாரும் சங்கத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று பண்ணையார் வந்து காவல் நின்றாராம். செத்த பிறகும் பயம்!

1934-ல் தொழிற்சங்கங்கள் சேர்ந்து அவருக்குக் கல் வைத்தன. ஓய்வுபெற்ற பண்ணைத் தொழிலாளருக்கு ஆறு வீடும் கட்டின. அன்றைக்கு அந்தக் கல்லறையிலே தடுத்த பேச்சை இந்த மேடையிலே பேசுகிறேன். அவர் பெயர் ஜேம்ஸ் ஹாம்மெட்! பண்ணையார் காதில் விழுகிற மாதிரி ஒரு தடவை சேர்ந்து சொல்லுங்கள் தோழர்களே!