பாம்பன் பழைய பாலமும் புதிய பாலமும்

(கிணத்துக்கடவில் நடந்த நமது சங்க மாதக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



நமது சங்கத்தார் இராமேசுவர யாத்திரைக்கு ஏற்பாடு செய்துவரும் இத்தருணத்தில், பாம்பன் பாலத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு காரியதரிசியவர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். கடலில்லாத கொங்கு நாட்டாருக்குக் கடற்பாலத்தில் என்ன அக்கறை என்று எவரும் கேட்கமாட்டார்கள். பிதிர்க்கடன் செலுத்தச் சேதுவுக்குப் போய்வராத குடும்பம் இச்சபையில் அரிது. மீட்டர்கேஜ் காலத்தில் கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், மதுரை வழியாக இராமேசுவரம் சென்ற வண்டி இவ்வூரைக் கடந்தன்றோ சென்றது!

ஆனால் யாத்திரைக்குப் பெயர் கொடுத்த பெரியோர் சிலர் இப்போது தயங்குகின்றனர். "வெள்ளைக்காரன் கட்டிய பாலம் நூறு வருஷம் நின்றது; புதியதை நம்பி எப்படி ஏறுவது?" என்பது அவர்கள் கேள்வி. அதைப் பரிகசித்துத் தள்ளுதல் தகாது. விடை சொல்லவே வந்தோம்.

பழைய பாலம் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்டது. கடலின்மேல் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், 145 கண்கள், நடுவே கப்பல் போவதற்காக இரு பாதியாகப் பிளந்து மேலெழும் ஒரு கண். அமெரிக்க எஞ்சினீயர் ஷெர்சர் என்பவர் கண்ட முறையாதலால் அவர் பெயரே அதற்கு வழங்கிற்று. அந்த மாபெரும் இரும்பை இறுதிவரை ஆட்களே கைவிசையால் திறந்து மூடினர் என்றால் வியப்பாகத் தோன்றும். நம் தோட்டத்துத் துலா ஏற்றத்தை நினைத்தால் வியப்பு நீங்கும். பின்புறத்துப் பாரம் முன்புறத்துப் பாரத்தைத் தாங்குமாகில், மனிதன் கொடுக்க வேண்டியது சிறு பலமே.

நிற்க. அந்தப் பாலம் நூறு வருஷம் தானாக நின்றதா? 1964 டிசம்பர் 22 இரவு வீசிய பெரும் புயலைப் பெரியோர் மறந்திரார். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற வண்டி அலையில் அகப்பட்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாலத்தின் 126 கண்களின் இரும்பு உத்திரங்கள் கடலில் விழுந்தன. தூக்குக் கண் மாத்திரம் தப்பிற்று. ஆறு மாதத்தில் சீர்செய்ய வேண்டுமென்று விதித்த வேலையை, இளம் எஞ்சினீயராயிருந்த ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். மூழ்கிய உத்திரங்களைத் தேடியெடுக்க அவ்வூர் மீனவர்கள் துணை நின்றனர். பிறகு 2007-ல் அகலப் பாதைக்காக மறுபடியும் பலப்படுத்தினர். எனவே நாம் பழைய பாலம் என்று போற்றியதில் பெரும்பகுதி நம் நாட்டார் கையால் மீண்டும் எழுந்ததே. உப்புக்காற்று அரிக்க அரிக்க, சுரண்டி வர்ணம் பூசியவர்களின் உழைப்பே அதன் ஆயுள். அவர்கள் பெயரை எந்தக் கல்லிலும் வெட்டவில்லை.

அந்த உழைப்புக்கும் எல்லை உண்டு. தூக்குக் கண் தேய்ந்து தளர்ந்தது. வண்டிகள் அதன்மேல் நடைவேகத்தைவிடச் சற்றே அதிகமாக ஊர்ந்தன. 2022 டிசம்பர் 23 முதல் பழைய பாலத்தில் வண்டி நின்றது. அருகிலேயே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. இதில் 18.3 மீட்டர் நீளமுள்ள 99 கண்களும், 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குக் கண் ஒன்றும் உள்ளன. இக்கண் பிளப்பதில்லை, இரு கோபுரங்களுக்கிடையே முழுதாக 17 மீட்டர் உயரம் எழுகிறது. எதிர்ப்பாரமும் மின்விசையும் அதைத் தூக்குகின்றன. எழுந்திருக்கும்போது கப்பலுக்கு வழி. இறங்கியபோது வண்டிக்கு வழி.

குறையையும் மறைத்தலாகாது. திறப்பதற்கு முன், 2024 நவம்பரில், இரயில்வே பாதுகாப்பு ஆணையர் தமது அறிக்கையில் திட்டமிட்டதிலும் பரிசோதித்ததிலும் குறைகள் உண்டென்றும், புதிய இரும்பிலேயே துரு தொடங்கிவிட்டதென்றும் எழுதினார். ஆயினும் வண்டி மணிக்கு 75 கிலோமீட்டரும், தூக்குக் கண்ணில் 50 கிலோமீட்டரும் செல்லலாமென அனுமதித்தார். சிலர் இவ்வறிக்கையைப் பாலத்திற்கு இழுக்கென்று கருதினர். நமக்கோ இதுவே தைரியம் தருகிறது. குறை கண்டு எழுதும் அதிகாரி இருக்கும் பாலத்தில் ஏறலாம். எல்லாம் சரியென்று கையொப்பமிடுபவரே நிறைந்த பாலத்தில்தான் அஞ்ச வேண்டும். துருவை வருஷந்தோறும் கவனிப்பார்களா என்பதைக் கேட்டுக்கொண்டேயிருக்கும் உரிமை, டிக்கெட் வாங்கும் நமக்கும் உண்டு.

ஆகையால் நாம் இரயிலிலேயே போகிறோம். ஒப்பாதவர்கள், 1988-ல் திறந்த சாலைப் பாலத்தின் வழியாகப் பஸ்ஸில் வரலாம், யாரும் வருந்தமாட்டோம். காற்று அளவுக்கு மிஞ்சினால் வண்டியைக் கரையில் நிறுத்திவைப்பது அங்கே நெடுநாளைய விதி. பழைய பாலத்தில் மணிக்கு 58 கிலோமீட்டர் காற்றடித்தாலே சிவப்பு விளக்கு எரியும். அப்படி நின்றால் யாரும் முணுமுணுக்க வேண்டாம். தாய்மார்கள் கட்டுச்சோற்றை ஒரு வேளைக்கு அதிகமாகவே கட்டிக்கொள்ளக் கோருகிறோம்.