இரண்டு மாட்யூல் வேண்டும்

(வட்டார அளவிலான அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் பேசியது)



இன்றைய காரில் என்ஜின், பிரேக், ஏர்பேக் எனப் பலவற்றுக்கும் தனித்தனியே சிறு கணினிகள் உண்டு. அவை பேசிக்கொள்வது ‘கேன்’ எனப்படும் இரண்டு முறுக்கிய கம்பிகள் வழியாக. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய முறை இது. செய்தியை மின்னழுத்தமாக மாற்றிக் கம்பியில் விடுவதும், கம்பியில் வருவதைப் படிப்பதும் டிரான்ஸீவர் என்ற சிப்பின் வேலை.

எங்கள் அறிவியல் மன்றத்துக்கு இந்தச் சிப் பொருத்திய மாட்யூல் இரண்டு வாங்கினேன். முதலில் ஒன்றை மட்டும் ஆர்டுயினோவில் இணைத்துச் செய்தி அனுப்பினோம். பிழை. மறுபடியும் பிழை. இணைப்புக் கொடுத்த பத்தாம் வகுப்பு மாணவனிடம், “வயரை மாத்திக் குடுத்துட்டியா? எரிஞ்சிருச்சு பார்” என்றேன். அடுத்த இரண்டு வாரம் அவன் மன்றத்துக்கு வரவில்லை.

சிப்பின் தகவல் ஏட்டைப் பிறகுதான் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும். கேன் முறையில் ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் அனுப்பிய கருவி ஒரு பிட் நேரம் காத்திருக்கும். செய்தியைப் பிழையின்றிப் பெற்ற இன்னொரு கருவி அந்த நேரத்தில் ‘வந்தது’ என்று குறி இட வேண்டும். யாரும் இடாவிட்டால், சேரவில்லை என்று கொண்டு திரும்பத் திரும்ப அனுப்பும். மேசையில் ஒன்றே ஒன்று இருந்தால் குறி இட யார் இருக்கிறார்கள்? நல்ல மாட்யூலும் பழுதாகத்தான் தெரியும். ‘லூப்பேக்’ சோதனை என்று ஒன்று உண்டு. அதில் செய்தி கண்ட்ரோலருக்குள்ளேயே சுற்றி வந்துவிடும். டிரான்ஸீவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அவன் வீட்டுக்குப் போய் அழைத்து வந்தேன். தவறு என்னுடையது என்று மன்றத்தில் எல்லார் முன்னும் சொன்னேன். மல்டிமீட்டரை அவன் கையில் கொடுத்தேன்.

இரண்டு மாட்யூலையும் இணைத்து, மின்சாரம் கொடுக்காமல், கம்பிகளுக்கு இடையே அளந்தான். 120 ஓம். “ரெண்டு முனையிலயும் 120 இருந்தா, பக்க இணைப்புல 60 தானே சார் வரணும்?” என்றான். பாடத்தில் படித்த கணக்கு! ஒரு மாட்யூலில் ஜம்பர் செருகப்படவில்லை. செருகியதும் 60.

அப்போதும் செய்தி போகவில்லை. மாட்யூலில் இருந்தது 8 மெகாஹெர்ட்ஸ் படிகம். நான் எழுதிய நிரலில் 16. வேகம் பொருந்தவில்லை. அதையும் அவன்தான் படிகத்தின் மேல் பொறித்திருந்த எண்ணைப் படித்துச் சொன்னான்.

நிரலைத் திருத்தினோம். ஒரு செய்தியில் எட்டு பைட்டுக்கு மேல் அடங்காது. ‘வணக்கம்’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் சரியாக எட்டு. அதைத்தான் முதலில் அனுப்பினான்.