மலைக்கு வழி கேட்ட தொழிலாளி
(நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓய்வு பெற்று மறைந்த ஒரு இஞ்சினியரைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். இஞ்சினியர் என்றதும் கோட்டு மாட்டிய பெரிய அதிகாரி என்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்திலே பட்டறையில் ஸ்பானர் பிடிக்கும் பிட்டருக்கும் அதே பெயர்தான். பென்னி ராத்மன் அப்படிப்பட்டவர். 1911-ல் மான்செஸ்டரில், ருமேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தார். 14 வயதில் படிப்பு நின்றது. மோட்டார் தொழிலில் எடுபிடி வேலை. பிறகு இளம் கம்யூனிஸ்ட் கழகம்.

மான்செஸ்டரைப் பற்றி நம் ஆலைத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாரமெல்லாம் பஞ்சுத் தூசியிலும் கரிப் புகையிலும் வெந்தவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மூச்சு விடும் நாள். சைக்கிளிலும் ரயிலிலும் மலையைத் தேடிப் போனார்கள். கிண்டர் ஸ்கவுட் என்ற மலை பக்கத்திலேயே இருந்தது. 2,000 அடிக்கு மேல் உயரம். ஆனால் ஏற முடியாது! அது டெவன்ஷையர் பிரபுவின் வேட்டைக்காடு. கௌதாரி போன்ற க்ரவுஸ் பறவையை வருஷத்தில் சில நாள் சுட்டு விளையாடுவதற்காக, மற்ற நாளெல்லாம் தடியுடன் காவலாட்கள். பொது மேய்ச்சல் நிலம் வேலிக்குள் போகும் கதை நம் விவசாயத் தோழர்கள் அறியாததா?

1932 ஏப்ரல் 24. சுமார் 400 பேர் ஹேஃபீல்டு கிராமத்தில் திரண்டார்கள். போலீசார் ரயில் நிலையத்தில் பென்னிக்காகக் காத்திருந்தார்கள். அவரோ சைக்கிளில் வந்து சேர்ந்துவிட்டார்! மைதானத்தில் கூட்டம் கூடாது என்று தடை. சரி என்று பக்கத்துக் கல் குவாரிக்குப் போனார்கள். பேச வேண்டியவர் பின்வாங்கிவிட்டார். ஐந்தடி உயரமுள்ள அந்த 20 வயது வாலிபர் பாறை மீது ஏறிப் பேசினார். பிறகு எல்லோரும் மலை ஏறினார்கள். காவலாட்களுடன் கைகலப்பு, ஒருவருக்குக் கணுக்காலில் அடி. மேலே ஷெஃபீல்டு பக்கத்திலிருந்து ஏறி வந்தவர்களையும் சந்தித்தார்கள். நடந்தது அவ்வளவே.

இறங்கியதும் கைது. விசாரித்த பெரிய ஜூரியில் ராணுவ அதிகாரிகளும் நிலப்பிரபுக்களும் நிறைந்திருந்தார்கள்! கலகம் செய்ததாகக் குற்றம் சாட்டி, ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. பென்னிக்கு நாலு மாதம். அதுவரை இந்த மலையேற்றத்தைக் கண்டித்த நடைச் சங்கத்தார் பலருக்குக்கூட இந்தத் தண்டனை பொறுக்கவில்லை.

பிறகு மெட்ரோபாலிடன் விக்கர்ஸ் தொழிற்சாலையில் சங்கப் பிரதிநிதியாக உழைத்தார். மோஸ்லியின் பாசிஸ்டுகளை எதிர்த்து நின்றார். 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-ல் கிண்டர் உள்ளிட்ட பீக் பிரதேசமே முதல் பூங்காவாயிற்று. ஓய்வு பெற்றும் அவர் ஓயவில்லை. 1989-ல் தண்ணீர் வாரியங்களைத் தனியாருக்கு விற்றபோது, அவற்றின் மலை நிலங்களில் நடக்கும் உரிமை பறிபோகக் கூடாதென்று 78 வயதில் இயக்கம் நடத்தினார். 2000-ல் நடக்கும் உரிமைச் சட்டம் நிறைவேறியது. அதுவும் இங்கிலாந்து நிலத்தில் சுமார் 8 சதவீதத்துக்குத்தான்.

2002 ஏப்ரலில், 70-வது ஆண்டு நினைவுக் கூட்டத்தில், அன்றைய பிரபுவின் பேரனே வந்து பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பென்னி அதைக் கேட்கவில்லை. அந்த ஜனவரியிலேயே, 90 வயதில் கண்மூடியிருந்தார்.