கடன் தகவல் ஏடும் வெளிமாநிலத் தமிழரும்



சொந்த ஊரில் ஒருவன் கடன் கேட்டால், அவனுடைய நாணயத்துக்குச் சாட்சி அவனைச் சுற்றியே இருக்கும். இன்னாருடைய மகன், இன்ன தெருவில் வீடு, சென்ற ஆண்டு வாங்கிய தொகையை அறுவடை முடிந்ததும் திருப்பித் தந்தவன் என்று கடைவீதியில் நாலு பேர் கூறுவர். அதே மனிதன் உத்தியோக நிமித்தம் டில்லிக்கோ புனேக்கோ ஜாம்ஷெட்பூருக்கோ குடிபெயர்ந்தால், அந்தச் சாட்சிகள் அவனோடு ரயில் ஏறி வருவதில்லை. அங்கே அவனுக்காகப் பேசுவது ஓர் ஏடு. அதை அவன் எழுதவில்லை. பெரும்பாலும் படித்ததும் இல்லை. வீடு வாங்கவோ மகளின் படிப்புக்காகவோ பாங்கில் மனுக் கொடுத்த பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிய வருகிறது.

கடன் தகவல் அறிக்கை என்பது அந்த ஏட்டின் பெயர். நம் நாட்டில் இதற்கென முதல் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தோன்றியது. ‘சிபில்’ என்னும் அதன் சுருக்கப் பெயர் இன்று பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. ‘உங்கள் சிபில் எவ்வளவு?’ என்று பாங்கு அலுவலர் கேட்பது சகஜம். உண்மையில் இத்தொழிலை ரிசர்வ் பாங்கின் அனுமதியுடன் நடத்தும் கம்பெனிகள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் கம்பெனிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இவற்றைக் கட்டுப்படுத்துகிறது. கடன் கொடுக்கும் பாங்குகளும் நிதி நிறுவனங்களும் இந்நான்குக்குமே விவரம் அனுப்ப வேண்டும். ஆகவே நம் ஒவ்வொருவரைப் பற்றியும் நான்கு ஏடுகள் இருக்கின்றன என்று கொள்வதே சரி.

ஏட்டில் யாது காணப்படும்? பெயர், பிறந்த தேதி, பான் எண், விலாசங்கள், தொலைபேசி எண்கள் முதலில் வரும். பின்னர் நாம் வாங்கிய கடன்கள், கடன் அட்டைகள், ஜாமீன் நின்ற கணக்குகள், சென்ற 36 மாதங்களில் எந்தத் தவணை எத்தனை நாள் தாமதமாயிற்று என்னும் குறிப்பு ஆகியவை இடம்பெறும். கடைசியில், யார் யார் நம் ஏட்டைக் கேட்டுப் பார்த்தார்கள் என்ற வரிசை. இவற்றையெல்லாம் கணித்து 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் இடுவர். 750க்கு மேற்பட்டிருந்தால் பல பாங்குகள் முகமலர்ந்து வரவேற்கும். ஆயினும் இது சட்டம் வகுத்த எல்லைக்கோடு அன்று. குறைந்தபட்ச மதிப்பெண் எதையும் ரிசர்வ் பாங்கு விதிக்கவில்லை என்றும், முதன்முறையாகக் கடன் கேட்பவரைக் கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடலாகாது என்றும் மத்திய அரசு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது.

மதிப்பெண்ணைப் பற்றிப் பேச எத்தனையோ பேர் இருக்கின்றனர். நம்மைப் போல் வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்கள் அதற்கும் முன்னதாகப் பார்க்க வேண்டியது ஏட்டின் முதல் பகுதி, அதாவது நம் பெயர். தொல்லை அங்கேதான் பிறக்கிறது.

கோவில்பட்டியில் பிறந்த ச. முருகன் என்பவரைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தையார் பெயர் சங்கரலிங்கம். பள்ளிச் சான்றிதழில் அவர் ‘முருகன் எஸ்’. ஊர்ப் பாங்கின் பாஸ் புத்தகத்தில் ‘எஸ் முருகன்’. பான் அட்டைக்கு மனுச் செய்தபோது முதற்பெயரிலும் கடைசிப் பெயரிலும் தலைப்பெழுத்து மட்டும் எழுதுவதற்கு இடமில்லை. ஆகவே அவர் ‘முருகன் சங்கரலிங்கம்’ ஆனார். புனேக்குப் போனார். அங்கே தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்று கட்டங்கள் உள்ள படிவத்தைக் கொடுத்தார்கள். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நம்மவர் திகைத்து நிற்க, குமாஸ்தா தமக்குத் தோன்றியபடி எழுதிக்கொண்டார். கடன் அட்டை ‘சங்கரலிங்கம் முருகன்’ என்ற பெயரில் வந்தது, அட்டைக் கம்பெனியார் தொலைபேசியில் அழைத்து, “மிஸ்டர் சங்கரலிங்கம்!” என்று தந்தையாரை விசாரிக்கிறார்கள். ஒரே மனிதருக்கு நான்கு வடிவங்கள்!

பெண்களின் நிலை இதனினும் சிக்கலானது. திருமணத்துக்கு முன் தந்தையின் தலைப்பெழுத்து, பின்னர் கணவரின் தலைப்பெழுத்து. ‘லதா’ என்ற எளிய பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எழுதும்போது நாம் ‘டி’யை அடுத்து ‘எச்’ சேர்ப்போம், வடநாட்டார் சேர்ப்பதில்லை. நாம் எழுதிக் கொடுத்ததைப் பிழை என்று கருதி அவர்கள் திருத்திவிடுவதும் உண்டு. ழகரம் வரும் பெயர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டா. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். கணிப்பொறிக்கு வேடிக்கை தெரியாது. பெயர், பிறந்த தேதி, பான், விலாசம், தொலைபேசி எண் ஆகியவற்றை ஒப்பிட்டே அது இவர்தாம் அவர் என்று முடிவு செய்கிறது.

அந்த ஒப்பீடு தவறினால் இரண்டு விதமான கேடு விளையும். ஒரே மனிதரின் வரலாறு இரு ஏடுகளாகப் பிளந்துபோகலாம். பத்தாண்டுக் காலம் ஒழுங்காகத் தவணை கட்டியது ஓர் ஏட்டில் உறங்க, பாங்கு பார்ப்பது வெற்றேடாக இருக்கும். அல்லது வேறொரு எஸ். முருகன் கட்டாமல் விட்ட மோட்டார் சைக்கிள் கடன் நம்மவர் ஏட்டில் வந்து ஒட்டிக்கொள்ளலாம். முருகன், செல்வி, லட்சுமி போன்ற பெயர்களும் எஸ், ஆர், எம் என்னும் தலைப்பெழுத்துகளும் நம்மிடையே எத்துணை மலிவு என்பது நேயர்கள் அறிந்ததே.

இனி, ஊரில் விட்டு வந்த கடன்கள். கல்விக் கடனைச் சொந்த ஊர்ப் பாங்கில் வாங்கியிருப்போம். தந்தையோ தாயோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டிருப்பர். படிப்பு முடிந்து பொதுவாக ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும். அதற்குள் பிள்ளை பெங்களூருக்கோ ஹைதராபாதுக்கோ போயிருப்பான். கடிதம் பழைய விலாசத்துக்கு வரும். தவணை தவறினால் பாங்கு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு 2023இல் உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் அந்தச் செய்தி கல்லூரி நாளில் கொடுத்த எண்ணுக்குப் போய், அந்த எண்ணை இப்போது வைத்திருக்கும் யாரோ ஒருவர் கைப்பேசியில் ஒலித்து அடங்கும். 90 நாட்களுக்கு மேல் நிலுவை நின்றால் அது வாராக்கடன் வரிசையில் சேரும். மகனோடு தந்தையின் ஏடும் கறைபடும்.

இதன் விளைவு கடன் கிடைக்காமற் போவதோடு நிற்பதில்லை. 2025ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. பாரத ஸ்டேட் பாங்கில் உத்தியோகத்துக்குத் தேர்வு பெற்ற ஒருவருடைய நியமனம், கடன் அறிக்கையில் குறைகள் காணப்பட்டமையால் ரத்து செய்யப்பட்டிருந்தது. அவ்வாறு ரத்து செய்தது செல்லும் என்றே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நகைக் கடனும் ஏட்டில் ஏறும். ஊரில் அம்மா வைத்த நகை மகனுடைய பெயரில் இருக்கலாம். வட்டி கட்டிப் புதுப்பிக்கும் நாள் எது என்பது மகனுக்குத் தெரிவதில்லை. நண்பருக்காக ஜாமீன் கையெழுத்திட்டவர்களும் தம் ஏட்டை ஒருமுறை பார்ப்பது நலம். நட்பு மறந்துபோனாலும் ஜாமீன் ஏட்டில் இருக்கும்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ‘கணக்கு செட்டில் ஆகிவிட்டது’ என்றால் நம் பேச்சில் அது நல்ல செய்தி. பாக்கி ஒன்றுமில்லை என்று பொருள். கடன் ஏட்டின் பாஷையில் ‘செட்டில்டு’ என்பது முழுத் தொகை வராமல், வந்த வரை போதும் என்று பாங்கு பேரம் பேசி முடித்துக்கொண்டதைக் குறிக்கும். அது ஒரு குறையே. முழுவதும் கட்டி முடித்த கணக்கு ‘குளோஸ்டு’ என்றிருக்க வேண்டும். வசூலுக்கு வரும் முகவர், “பாதி கட்டுங்கள், செட்டில் செய்து தருகிறோம்” என்று கூறும்போது, பலர் இவ்வேற்றுமை அறியாமல் மகிழ்ந்து ஒப்புக்கொள்கிறார்கள். வேறு வழியே இல்லாதவர் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அறிந்து ஒப்புக்கொள்ள வேண்டும். முழுவதும் கட்டியவர் பாக்கியில்லை என்னும் சான்றிதழை எழுத்தில் பெற்றுப் பத்திரப்படுத்துதல் அவசியம்.

ஏட்டைப் பார்ப்பது எவ்வாறு? மேற்சொன்ன நான்கு கம்பெனிகளும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையையும் மதிப்பெண்ணையும் இலவசமாகத் தர வேண்டும். 2017 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. நான்கையும் ஒரே நாளில் கேட்டுத் தீர்க்காமல், மூன்று மாதத்துக்கு ஒன்றாகக் கேட்டால் ஆண்டு முழுவதும் கண்காணித்ததாகும். கம்பெனியின் சொந்த வலைத்தளத்திலேயே கேட்பது உத்தமம். இடையில் வரும் செயலிகள் ‘இலவசம்’ என்று அழைத்துவிட்டுக் கடன் விற்க முற்படும். நம் ஏட்டை நாமே பார்த்தால் மதிப்பெண் குறையும் என்று ஓர் அச்சம் பரவியிருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை. நாம் பல இடங்களில் கடன் கேட்டு, அதன் பொருட்டுப் பாங்குகள் அடுத்தடுத்துப் பார்ப்பதே கணக்கில் வரும்.

பிழை கண்டால் அந்தக் கம்பெனியிடமோ கடன் கொடுத்த பாங்கிடமோ முறையிடலாம், கட்டணம் இல்லை. பாங்கு ஒப்பாமல் கம்பெனி தானாக எதையும் மாற்றாது; எனவே இருவருக்குமே எழுதுவது மேல். முறையிட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தீர்வு காண வேண்டும். அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் நமக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் 26 முதல் அமலில் உள்ளது. தொகை சிறிது, ஆயினும் மனுக்கள் மேசையில் தூங்காமல் இருக்க இது உதவும் என்று நம்புகிறோம். பாங்குகள் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை விவரம் அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் அமலுக்கு வந்ததிலிருந்து, திருத்தம் ஏட்டில் ஏறுவதற்கும் முன்போல் நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை. பணம் கொடுத்தால் மதிப்பெண்ணை ஏற்றித் தருவதாகக் கூறுவோரை நம்ப வேண்டா. உண்மையான பாக்கியை யாராலும் அழிக்க இயலாது. பிழையைத் திருத்தவோ யாருக்கும் கூலி தேவையில்லை.

பெயரைப் பொறுத்தவரை, பான் அட்டையில் உள்ள வடிவத்தையே மூலமாகக் கொண்டு, ஊர்ப் பாங்கிலும் வேலை பார்க்கும் ஊர்ப் பாங்கிலும் அவ்வாறே மாற்றச் சொல்லி எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளலாம். கூடவே தற்போதைய விலாசமும் தொலைபேசி எண்ணும் கொடுக்கப்பட வேண்டும். விடுமுறைக்கு ஊர் போகும்போது அரை நாள் ஒதுக்கினால் இது முடிந்துவிடும்.

முப்பது நாட்களுக்குப் பிறகும் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் பாங்கின் ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். கடன் தகவல் கம்பெனிகளும் 2022 செப்டம்பர் முதல் அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டவையே. வலைத்தளம் வழியாக அனுப்ப இயலாதவர்கள் சண்டிகரிலுள்ள ரிசர்வ் பாங்கு மையத்துக்குக் கடிதமாக அனுப்பலாம். எந்த மொழியிலும் எழுதலாம் என்பதால் தமிழில் எழுதுவதற்கும் தடையில்லை. 14448 என்ற எண்ணில் தமிழிலேயே பேசி வழி கேட்கலாம். கடிதம் தமிழில் இருந்தாலும், பெயரை மட்டும் பான் அட்டையில் உள்ளபடி ஆங்கில எழுத்துகளிலும் ஒருமுறை எழுதி, முன்னர் அனுப்பிய மனுவின் நகலையும் அதன் தேதியையும் இணைத்தனுப்ப வேண்டும்.