கூரையின்றித் துயில்வோரும் அரசின் கடமையும்

(திருவிழாவையொட்டித் திருக்கோயில் மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா நாள்களில் திருக்கோயிலில் வழிபாட்டிற்கு அடுத்தபடியாகச் சிறப்புற நடைபெறுவது அன்னதானம். பந்தியில் அமர்வோரிடம் எவரும் ஊரையும் பேரையும் விசாரிப்பதில்லை. பசித்து வந்தவருக்கு உணவு பரிமாறப்படுகிறது, அவ்வளவே. ஆயினும், உண்டு எழுந்தவர் அன்றிரவு எங்கே தலைசாய்ப்பார் என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை. அவ்வினாவே இவ்வுரையின் பொருளாகும்.

பசிப்பிணி தீர்த்த மணிமேகலையின் வரலாறு தமிழர் அனைவரும் அறிந்ததே. அமுதசுரபி என்னும் அட்சய பாத்திரத்தைக் கையிலேந்திப் புகார் நகரின் உலக அறவியில், கண்ணிலார், காலிலார், காப்பாரற்றோர் ஆகியோருக்கெல்லாம் அவள் அமுதூட்டினாள். அதன்பின் சிறைக்கோட்டத்திற்குள் சென்றாள். அங்கிருந்தோருக்கும் உணவளித்தாள். செய்தியறிந்து வியந்த சோழ மன்னன், அவளை அழைத்து, வேண்டுவது யாதென வினவினான். பொன்னையோ பொருளையோ அவள் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக ஆக்குக என்றே வேண்டினாள். மன்னனும் இசைந்தான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சோறிடுவதற்கு மணிமேகலை ஒருத்தி போதும். கோட்டத்தைத் திறந்துவிடுவதற்கு அரசனின் ஆணை வேண்டும். உணவு அடியார்களால் இயலும் அறம். உறைவிடமோ அரசால் மட்டுமே முழுமையாக நிறைவேறக்கூடிய அறம். நிலமும் சட்டமும் கருவூலமும் அரசின் கையில் இருப்பதே அதற்குக் காரணம்.

சிங்கப்பூரின் ஆலயங்களுக்கு இப்பொருள் புதியதன்று. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827ஆம் ஆண்டில் நாராயண பிள்ளை அவர்களின் முயற்சியால் எழுந்த மாரியம்மன் ஆலயம், தொடக்க காலத்தில் கப்பலேறி வந்த தமிழர்களுக்குப் புகலிடமாகவும் விளங்கிற்று. வேலையும் தங்குமிடமும் கிடைக்கும்வரை அவர்கள் அங்கே தங்கினர். அம்மன் சந்நிதியின் நிழலில் முதல் இரவைக் கழித்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று சொந்த வீடுகளில் வாழ்கின்றனர்.

பின்னாளில் இந்நாடே ஒரு பெரும் சோதனையைச் சந்தித்தது. 1961ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் மூண்ட பெருந்தீ, ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. பள்ளிக்கூடங்கள் நிவாரண முகாம்களாயின. தீப்பட்ட நிலத்தை அரசாங்கம் கையகப்படுத்தியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அப்போது பிறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அத்தகைய இளங்கழகம், ஓராண்டிற்குள் பாதிக்கப்பட்டோருள் பெரும்பாலோரை அடுக்குமாடி வீடுகளில் குடியமர்த்தியது. பணமும் பட்டறிவும் குறைந்திருந்த காலத்தில் அது எவ்வாறு இயன்றது? அரசாங்கம் அதனை அவசர நிலையாகக் கருதியது, அதனால் இயன்றது.

இன்று அத்தகைய தீ இல்லை. ஆயினும் வீடற்றோர் இருக்கின்றனர். லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியின் ஆய்வாளர்கள் 2019இல் நாடு தழுவிய முறையில் எடுத்த கணக்கெடுப்பில், தெருவில் உறங்குவோர் 921 முதல் 1,050 பேர் வரை இருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. அவர்களில் ஆண்களே மிகுதி. ஐம்பது வயதைத் தாண்டியோர் பலர். நகர நடுவில் மட்டுமன்றி, குடியிருப்புப் பேட்டைகளின் கீழ்த்தளங்களிலும் அவர்கள் காணப்பட்டனர். சோம்பியிருப்போரே தெருவில் உறங்குவர் என்னும் எண்ணத்தையும் அவ்வாய்வு தகர்த்தது. பேட்டி காணப்பட்டோருள் பாதிக்கும் மேற்பட்டோர் வேலை செய்பவர்கள். துப்புரவுப் பணியாளர்களும் காவலாளிகளும் அவர்களில் உண்டு. பகலெல்லாம் பிறருடைய கட்டடத்தைக் கூட்டிக் காவல் காத்தவர், இரவில் ஒரு கட்டடத்தின் படியோரத்தில் அட்டையை விரிக்கிறார்.

அடுத்த ஆண்டே கொவிட்-19 பெருந்தொற்று வந்தது. 2020 ஏப்ரல் 7ஆம் நாள் முதல் மக்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என அரசாங்கம் ஆணையிட்டது. வீடே இல்லாதவர் எங்கே இருப்பார்? அக்கேள்விக்கு உடனே விடை காண வேண்டியதாயிற்று. அரசாங்கமும் தொண்டூழியர்களும் தேவாலயங்கள் உள்ளிட்ட சமய அமைப்புகளும் கைகோத்துத் தங்குமிடங்களைத் திறந்தனர். அதன் பயன் 2021இல் எடுக்கப்பட்ட இரண்டாம் கணக்கெடுப்பில் தெரிந்தது. தெருவில் உறங்கியோர் 616ஆகக் குறைந்தனர். தற்காலிகத் தங்குமிடங்களில் இருந்தோர் 65இலிருந்து 420ஆக உயர்ந்தனர். 2022 நவம்பரில் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் முன்னிலையில் எடுக்கப்பட்ட கணக்கில் தெருவில் உறங்கியோர் 530 பேர்.

இவ்வெண்கள் இரண்டு உண்மைகளைச் சொல்கின்றன. அவசரம் என்று கருதினால் படுக்கைகள் கிடைக்கின்றன என்பது ஒன்று. தெருவிலும் தங்குமிடத்திலும் இருந்தோரைச் சேர்த்துப் பார்த்தால், 1,115 என்பது 1,036ஆக மட்டுமே குறைந்தது என்பது மற்றொன்று. தங்குமிடம் வேறு, வீடு வேறு. முன்னது மழைக்கு ஒதுங்கும் இடம். பின்னது வாழ்க்கையைத் தொடங்கும் இடம்.

வீடின்மையை அவசர நிலையாகக் கருத வேண்டும் என்று உலக அரசாங்கங்கள் யாவற்றையும் வேண்டுவதன் பொருள் யாது? அதனை நான்கு கூறுகளாக விளக்கலாம்.

முதலாவதாக, அவசரத்தில் குற்றம் விசாரிக்கப்படுவதில்லை. தீப்பிடித்த வீட்டின் முன் நின்று, அடுப்பை அணைக்காதவர் யார் என்று தீயணைப்பாளர் கேட்பதில்லை. குடும்பப் பூசல், மணமுறிவு, வேலையிழப்பு, நோய், கடன் என்று வீடிழந்ததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றைக் கூரையின் கீழ் அமர்த்திய பிறகு விசாரிக்கலாம்.

இரண்டாவதாக, அவசரத்திற்குக் காலவரையறை உண்டு. வீடற்றவரிடம் கடிதம் போய்ச் சேர முகவரி இல்லை. பத்திரங்களைப் பாதுகாக்கப் பெட்டி இல்லை. நிரம்பிய படிவமொன்று குறைபாட்டுடன் திரும்பினால் அவருக்கு அது எட்டுவதே அரிது. சாதாரண விண்ணப்பத்தின் வேகத்தில் அவரது விண்ணப்பம் நகருமாயின், ஒவ்வொரு மாதமும் அவர் தெருவிலேயே கழிக்கும் மாதமாகும்.

மூன்றாவதாக, அவசரத்திற்குப் பொறுப்பேற்பவர் ஒருவர் இருப்பார். வீடு ஓர் அலுவலகத்திடமும், நிதியுதவி மற்றோர் அலுவலகத்திடமும், மருத்துவம் மருத்துவமனையிடமும் பிரிந்து கிடக்குமாயின், ஒவ்வொருவரும் தத்தம் பணியைச் செம்மையாகச் செய்தும் அம்மனிதர் தெருவிலேயே இருப்பார். முழு மனிதருக்கும் பொறுப்பாக ஒரு கை வேண்டும்.

நான்காவதாக, அவசரத்தில் உதவியே முந்தும், தண்டனை முந்தாது. மலேசியாவின் 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டமும், சிங்கப்பூரின் 1989ஆம் ஆண்டுச் சட்டமும், ஆதரவற்றவரைப் பிடித்துக் காப்பகத்தில் சேர்க்கும் அதிகாரத்தை அளிக்கின்றன. நோக்கம் காப்பதாக இருப்பினும், பிடிபடும் அச்சமே சிலரை உதவியிலிருந்து ஒளிந்தோடச் செய்யும். சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக வேண்டும் என்ற மணிமேகலையின் வேண்டுகோள் இன்றும் பொருந்துவதாகும்.

சில நூறு பேருக்காக இத்தனை பரபரப்பா என்று கேட்போர் உண்டு. எண்ணிக்கை சிறிதாயிருப்பதே உடனே செயற்படுவதற்குரிய காரணம். சிறிய புண்ணை ஆற்றுவது எளிது. பிள்ளைகளும் உற்றாரும் கவனிக்க வேண்டியதல்லவா என்பாரும் உண்டு. உண்மைதான். ஆயினும், குடும்பம் உடைந்த இடத்திலேயே பலருடைய வீடின்மை தொடங்குகிறது. உடைந்த பாலத்தைக் காட்டி, அதன்மேல் நடந்து வருக என்று சொல்வது முறையாகுமா?

பிற நாடுகளின் பட்டறிவும் இதனையே உணர்த்துகிறது. 2020 மார்ச் மாதத்தில் இங்கிலாந்து, தெருவில் உறங்குவோர் அனைவரையும் உள்ளே கொண்டுவரப் பணித்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்திற்குள் 37,000க்கும் மேற்பட்டோர் உதவி பெற்றனர். அவசரம் தணிந்ததும் 2022 முதல் தெருவோர எண்ணிக்கை மீண்டும் ஏறத் தொடங்கியது. பின்லாந்தோ, 2008 முதல் முதலில் வீடு, பிறகு மற்றவை என்னும் கொள்கையை விடாது பின்பற்றியது. 1987இல் அங்கு 18,000க்கும் மேலிருந்த வீடற்றோர், 2022இல் 4,000க்கும் கீழாயினர். அங்கும் 2024இல் எண்ணிக்கை சற்று உயர்ந்தது. கவனம் தளருமிடத்தில் துன்பம் திரும்பி வரும் என்பதற்கு இதுவும் சான்று.

பக்தப் பெருமக்களே! அரசாங்கத்தை வேண்டுவதோடு அடியார்களின் கடமை முடிந்துவிடுவதில்லை. அன்னதானத்திற்கு வருவோரில், கையில் பையோடு தினந்தோறும் ஒரே மூலையில் அமர்பவர் இருப்பின், அவரிடம் பரிவோடு இரண்டு சொல் பேசுங்கள். சமூக சேவை அலுவலகத்திற்கு அவர் தனியே செல்லத் தயங்கினால் உடன் செல்லுங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர்கள் வாரம் ஒருமுறை மண்டபத்தில் அமர்ந்து உதவலாம். கடிதங்கள் வந்து சேர ஒரு நம்பகமான இடமாகவும் ஆலயம் விளங்கலாம். மக்கள் பிரதிநிதிகளைச் சந்திக்கும்போது, கோயில் சாலைக்கு விளக்குக் கேட்பது போலவே, தெருவில் உறங்குவோருக்கு வீடும் கேளுங்கள்.

கருவறையில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்கு இராக்காலப் பூசையின் முடிவில் பள்ளியறைச் சேவை நடைபெறுகிறது. ஆண்டவனையே உறங்க வைத்துவிட்டுத் தாமும் வீடு திரும்பி உறங்கும் அடியார்கள், உறங்க இடமில்லாத அடியாரையும் நினைத்தல் வேண்டும். எல்லா உயிர்க்கும் நிழலாகும் இறைவன் திருவருளால், அரசாள்வோர் நெஞ்சிலும் அந்நினைவு நிலைபெறுவதாக.